குரபீல் மைதானத்துப் புல்

எங்கள் சங்கத் தலைவன் லின்டன் ப்ராட் உலக வரைபடத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தான். நாடு எவ்வளவு சின்னதோ, அவ்வளவு சுலபமாக அதைத் தோற்கடித்துவிடலாம் என்பதுதான் அது. பெரிய பெரிய அரசாங்கங்களே இப்படிக் கணக்குப் போட்டு மூக்குடைபட்டிருக்கின்றன. லின்டன் உரம் விற்கிறவன், அவனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மூன்று வருடமாக எங்கள் குரபீல் அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. எங்கள் ஆஸ்திரேலியக் கால்பந்தான ஃபுட்டியில் கோல் அடித்தால் ஆறு புள்ளி. குறி தவறிப் பந்து பக்கத்துக் கம்பத்தை ஒட்டி உள்ளே போனாலும், போனால் போகிறதென்று ஒரு புள்ளி தருவார்கள். தவறியதற்கும் மதிப்பெண் போடுகிற இவ்வளவு தாராளமான ஆட்டத்தில் விடாமல் தோற்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அது எங்கள் பையன்களிடம் இருந்தது. நான் கோல் நடுவர். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே நின்று கொடி ஆட்டுகிறவன். வந்தவன் போனவன் அடித்த கோலுக்கெல்லாம் ஆட்டி ஆட்டி என் தோள்பட்டை தேய்ந்திருந்தது.

கடைசியில் லீக் நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள், பக்கத்து ஊர் லாங்ஃபீல்டோடு சேர்ந்து ஒரே சங்கமாகிவிடுங்கள் என்று. சேர்வதென்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் கோதுமைச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். பெயர் அவர்களுடையது, சட்டையின் நிறம் அவர்களுடையது, ஆடுகிற மைதானமும் அவர்களுடையது. எங்களிடமிருந்து அவர்களுக்கு வேண்டியது சாண்ட்விச் வெட்டுகிற பெண்கள் மட்டும்.

லின்டனுக்கு இது உயிர் போகிற விஷயம். அந்த மைதானத்துப் புல் அவன் குடும்பத்துப் புல். அவன் அப்பா காலத்திலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ப்ராட் வீட்டு லாரி வந்து, மைதானம் முழுக்க சூப்பர் பாஸ்பேட் உரத்தைத் தூவிவிட்டுப் போகும். சுற்றுவட்டாரத்து மைதானமெல்லாம் கட்டாந்தரையாகக் கிடக்கிற வருடத்திலும் எங்களுடையது பச்சைப் பசேலென்று இருக்கும். எங்களுக்கு ஆட்டம்தான் வராது, புல் நன்றாக வரும்.

சேர்வதா வேண்டாமா என்று உறுப்பினர்கள் கை தூக்கி முடிவு செய்ய, ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தைக் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மெல்போர்னிலிருந்து ஒரு போன். பல நாட்டு அணிகள் வந்து நம் ஃபுட்டியை ஆடுகிற சர்வதேசக் கோப்பை அந்த மாதம். வந்து இறங்கும் அணிகளோடு பயிற்சி ஆட்டம் ஆட ஊர்கள் தேவையாம். லின்டன் என் கொட்டகைக்கு ஓடி வந்தான்.

"டேய் க்ளைவ், அயர்லாந்து, டென்மார்க், நவுரு. மூணுல ஒண்ண நாம எடுத்துக்கலாம்ங்கறாங்க. எதை எடுக்கட்டும்?"

"நீ எதை முடிவு பண்ணிட்டு வந்தியோ அதைச் சொல்லு."

"அயர்லாந்துக்காரன் பொறந்ததுலேர்ந்தே பந்தை உதைக்கிறவன். டென்மார்க்காரன் ஒவ்வொருத்தனும் குதிர் மாதிரி நிப்பான். நவுருவைப் பாரு. மொத்த நாட்டுக்கே பத்தாயிரம் பேர்தாண்டா. என் மச்சான்கிட்ட அதைவிட அதிகமா ஆடு இருக்கு."

"ஆட்டுக்கு ஃபுட்டி தெரியாது."

"இவனுங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்! கடல்ல கெடக்கற தீவுடா. சனிக்கிழமை மத்தியானம் ஜெயிக்கிறோம். ஜெயிச்ச அன்னிக்குச் சாயங்காலமே சங்கத்தை மூடணும்னு எவன் கையைத் தூக்குவான்? சொல்லு!"

திட்டம் நல்ல திட்டம்தான். நவுருவைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்காவது ஏதாவது தெரிந்திருந்தால் இன்னும் நல்ல திட்டமாக இருந்திருக்கும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் செய்தியில் கேட்டதுதான். படகேறி அகதியாக வருகிறவர்களை நம் அரசாங்கம் கொண்டுபோய் வைக்கிற இடம். அங்கே ஏற்கெனவே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே அந்தச் சனிக்கிழமைதான் எங்களுக்கு உறைத்தது.

பஸ்ஸைவிட்டு இறங்கிய பையன்கள் மைதானத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு புல்லில் நடந்து பார்த்தான். இறைச்சி வைத்துச் சுட்ட மீட் பை பண்டம் விற்கிற கவுண்டரில் இருந்த நோலீன் இளகிப் போனாள்.

"ஐயோ பாவம், புள்ளைங்க மிரண்டு போயிருக்குதுங்க. லின்டன், ரொம்ப அடிச்சுடாதீங்கப்பா."

"கவலைப்படாத நோலீன். மரியாதையா அஞ்சாறு கோலோட விட்டுடறோம்."

அந்தத் தீவில் நடக்கப் பழகுகிற குழந்தையின் கையில் முதலில் கொடுப்பதே இந்த முட்டைப் பந்தைத்தான் என்று பிறகு தெரிந்தது. எங்கள் ஆட்டத்தைத் தேசிய ஆட்டமாக வைத்திருக்கிற நாடு அது. எங்கள் தேசத்திலேயே பாதிப் பேர் வேறு ஆட்டம் பார்க்கிறார்கள். அந்தப் பையன்கள் ஓடிய ஓட்டத்தில் எங்கள் ஆட்களால் அவர்கள் சட்டை நம்பரைக்கூட முழுசாகப் படிக்க முடியவில்லை. பந்துக்காகப் பயமில்லாமல் பாய்ந்து விழுந்தார்கள். விழுந்ததும் முட்டியைத் தொட்டுப் பார்த்து, சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். இதில் என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கங்களில் மைதானத்தைச் சுற்றிக் கார்களை நிறுத்தி, தங்கள் அணி கோல் அடித்தால் ஹாரன் அடிப்பார்கள். வேடிக்கை பார்க்க வந்த லாங்ஃபீல்டுக்காரர்கள் நவுருவின் ஒவ்வொரு கோலுக்கும் ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள். மூன்றாம் கால்பகுதியில் எங்கள் ஊர்க் கார்களும் சேர்ந்துகொண்டன. அவ்வளவு அழகான ஆட்டம் அது. நானே கொடியைக் கொஞ்சம் உற்சாகமாகத்தான் ஆட்டினேன்.

லின்டன் எல்லைக் கோட்டிலிருந்து கத்தினான். "டேய் க்ளைவ், அது கோல் இல்லடா! கம்பத்துல பட்டுச்சு!"

"பட்டுச்சுன்னே வெச்சுக்க. மத்த பதினாலுக்கு என்ன சொல்லப் போற?"

அன்றைக்கு நாங்கள் மண்ணைக் கவ்வியதைப் போல அதற்கு முன்னால் கவ்வியதில்லை.

ஆட்டம் முடிந்ததும் சங்கக் கட்டிடத்தில் வெளியூர் அணித் தலைவர் எழுந்து நாலு வார்த்தை நல்லதாகப் பேசுவது வழக்கம். நவுருவின் கேப்டன் அகுவா, அகலமான தோளும் மெல்லிய குரலும் உள்ளவன், கையில் மீட் பையோடு எழுந்தான்.

"இவ்வளவு மெத்துன்னு இருக்கற தரையில நாங்க ஆடினதே இல்லீங்க. எங்க ஊர் மைதானம் வெறும் பொடி. விழுந்தா முட்டித்தோலை அங்கயே விட்டுட்டுத்தான் எழுந்திருக்கணும். இங்க விழறதுக்கே ஆசையா இருந்துச்சு." எல்லோரும் சிரித்தோம். "தலைவரே, புல்லுக்கு என்னதான் போடறீங்க?"

மத்தியானம் முழுக்கச் செத்துக் கிடந்த லின்டனுக்கு உயிர் வந்துவிட்டது. "சூப்பர் உரம்தான்! எங்கப்பா காலத்துலேர்ந்து வருஷம் தவறாம. அதுவும் அப்பா கண்ட சரக்கைத் தொடமாட்டாரு. தீவுப் பாறையிலேர்ந்து செஞ்சதுதான் வேணும்பாரு. அந்தப் பாறையில இருக்கற சத்து உலகத்துல வேற எந்த..."

அங்கே நிறுத்திவிட்டான். அவன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"எந்தத் தீவு லின்டன்?" என்று கவுண்டரிலிருந்து நோலீன் கேட்டாள்.

அகுவாதான் சொன்னான். "எங்க தீவுதாம்மா. தாத்தா காலத்துலேர்ந்து தோண்டித் தோண்டிக் கப்பல்ல ஏத்தினாங்க. இப்போ நடுத்தீவுல பாறை பல்லு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது, நடக்கக்கூட முடியாது. அத்தனை மண்ணும் எங்கதான் போச்சோன்னு எங்க பெரியவங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்க." ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தான். "போய்ச் சொல்லிடறேன். குரபீல்ல இருக்கு, சௌக்கியமா இருக்குன்னு."

அவன் ஆட்களில் ஒருவன் துள்ளிக் குதித்தான். "அப்போ கேப்டன், நாம சொந்த மைதானத்துலதான் ஆடினோம்!"

"அப்பாடா!" என்றான் எங்கள் பையன் ஒருவன். "வெளியூர்ல போய்த் தோக்கறது எல்லாருக்கும் சகஜம்தானே!"

கூரை அதிரச் சிரித்தார்கள். லின்டன் மட்டும் சிரிக்கவில்லை.

அவர்கள் பஸ் கிளம்பிய பிறகு கூட்டம் ஆரம்பித்தது. லின்டன் தயார் செய்து வைத்திருந்த பேச்சை எனக்கு ஏற்கெனவே ஒப்பித்துக் காட்டியிருந்தான். 'இது நம்ம மண்ணு, இதை எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்' என்று ஆரம்பிக்கும். எழுந்து நின்றான், வாயைத் திறந்தான், அப்படியே உட்கார்ந்துவிட்டான். லாங்ஃபீல்டோடு சேர்வதற்கு வரிசையாகக் கைகள் உயர்ந்தன. என் தோள்பட்டை இருந்த நிலையில் நான் எந்தப் பக்கத்துக்கும் கை தூக்கவில்லை.

கோப்பைப் போட்டி முடியும்வரை லின்டன் என்னையும் இழுத்துக்கொண்டு மெல்போர்னில் கிடந்தான். நவுரு ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் தொண்டை கிழியக் கத்தினான். கடைசி ஆட்டத்தில் அவர்கள் ஒரு பெரிய நாட்டிடம் இரண்டு புள்ளியில் தோற்றபோது, எங்கள் சங்கத்துக்குக்கூட விடாத கண்ணீரை விட்டான்.

அவன் பிக்கப் வண்டியின் பின்னால் ஈரச் சாக்கு போட்டு மூடிய ஒரு பொருள் இருந்தது. நவுருக்காரர்களை வழியனுப்பப் போன விமான நிலையத்தில்தான் அதைத் திறந்து காட்டினான். எங்கள் மைதானத்தின் நட்டநடுவில், ஆட்டம் தொடங்கும்போது நடுவர் பந்தைத் தரையில் அடிக்கிற இடத்தில், சதுரமாக வெட்டி எடுத்த புல், வேரோடும் மண்ணோடும். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அகுவாவோடு சாமான் எடை போடுகிற இடத்துக்கே போய்விட்டான்.

அங்கிருந்த பெண் பதறிவிட்டாள். "சார், இதை ஏத்த முடியாது. மண்ணோட எதையும் அந்தத் தீவுக்குள்ள விடமாட்டாங்க."

"இது அங்கேர்ந்து வந்ததுதாம்மா."

"எப்போ சார் வந்தது?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து. கப்பல் கப்பலா வந்துச்சு. அப்போ யாரும் தடுக்கலையே! திரும்பிப் போறதுக்கு மட்டும் எப்பலேர்ந்தும்மா இந்தச் சட்டம்?"

அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. லின்டன் ஏந்தியிருந்த புல்லிலிருந்து தரையெல்லாம் மண் உதிர்ந்தது. அகுவா குனிந்து உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கித் திரும்பவும் புல்லின்மேலேயே வைத்தான். பிறகு லின்டனின் தோளைத் தட்டினான்.

"விடுங்க தலைவரே. எங்க சொத்து இத்தனை காலமா உங்ககிட்டதானே இருக்கு. நீங்களே பாத்துக்கங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். வழி முழுக்க அந்தச் சதுரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தான், நான்தான் வண்டி ஓட்டினேன். ஊர் வந்ததும் வெட்டிய குழியிலேயே அதை வைத்து மிதித்துத் தண்ணீர் ஊற்றினான்.

இப்போது நாங்கள் லாங்ஃபீல்டு நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, லாங்ஃபீல்டு கட்டாந்தரையில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொள்கிறோம். குரபீல் மைதானத்தில் லின்டனின் மச்சானுடைய ஆடுகள் மேய்கின்றன. நடுவில் இருக்கிற அந்தச் சதுரத்தைச் சுற்றி மட்டும் லின்டன் கம்பி வேலி போட்டிருக்கிறான். அவ்வளவு நல்ல புல்லை ஏன் ஆட்டுக்கு விடாமல் வைத்திருக்கிறாய் என்று மச்சான் கேட்டால், "அடுத்தவங்க சொத்துடா அது" என்கிறான்.