அழகான பேர், மேடம்

அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து சொடக்குச் சத்தம் கேட்டது. ஒரு சொடக்கு என்றால் காபி. இரண்டாவது வந்தால் கோபம். அது வருவதற்குள் மருமகள் டம்ளரோடு உள்ளே போய்விட்டாள்.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் கணவன் யாரிடமோ உருகிக்கொண்டிருந்தான். "பதறாதீங்க மேடம். மெதுவாச் சொல்லுங்க. நான் எங்கயும் ஓடிப்போயிடல." சொல்லிக்கொண்டே விரலால் மேசையைக் காட்டினான். இங்கே வை என்று அர்த்தம்.

வீட்டுச் சாமான் விற்கும் கம்பெனியொன்றின் புகார்ப் பிரிவில், வீட்டிலிருந்தபடியே அவனுக்கு வேலை. ஃபிரிட்ஜ் குளிரவில்லை, மிக்ஸி ஓடவில்லை என்று கொதித்துப்போனவர்கள் போனில் ஒன்பதை அழுத்தினால், மதிய வேளையில் இவனிடம்தான் வந்து விழுவார்கள். திட்டுவதற்கென்றே கூப்பிட்டவர்கள்கூடக் கடைசியில் சிரித்துவிட்டு வைப்பார்கள். அப்படியொரு வாய்.

அழைப்பு முடிகிறவரை அவள் நின்றாள்.

"ஒரு விஷயம் சொல்லணுங்க..."

"அப்புறம்."

"இன்னைக்கே சொல்லியாகணும். அந்த மருந்துக்கடையில..."

"ஏய், வேலை நேரத்துல என்ன நொய் நொய்னு? போ. கதவைச் சாத்திட்டுப் போ."

அவள் மருந்தாளுநர் படிப்பு படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு எட்டு வருஷமாக அலமாரியில் கிடக்கிறது. தெருமுனை மருந்துக்கடைக்காரர், "நாளைக்குக் காலைல வந்து சேர்ந்துக்கம்மா, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். நேற்றுச் சாப்பிடும்போது சொல்லப் பார்த்தாள். டிவி சத்தம் கூடியது. படுக்கையில் ஆரம்பித்தாள். குறட்டை வந்தது. சொல்லாமல் போனால் அந்த வீட்டில் அது ஓடிப்போனதோடு சேர்த்தி. சொல்லிவிட்டுப் போகலாமென்றால் கேட்கத்தான் ஆள் இல்லை.

சமையலறையில் மாமியார் வீங்கிய முழங்காலை நீட்டிப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பிள்ளை பேச்சைக் கேட்டியா? தேனா ஒழுகுது."

"ஒழுகறதெல்லாம் வெளியிலதான் அத்தை."

"உன் மாமனாரு மட்டும் என்னை உக்காரவெச்சுப் பேசினாராக்கும்? ஒரு தடவை கனைச்சா தண்ணி, ரெண்டு தடவை கனைச்சா சோறு. நான் வாழலையா? ஆம்பளை பொண்டாட்டிகிட்ட நின்னு பேச ஆரம்பிச்சா வீடு விளங்கினாப்பலதான்."

மருமகள் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். கம்பெனி நம்பரைப் போட்டாள். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்றது ஒரு குரல். ஒன்பதை அழுத்தினாள்.

"வணக்கம். உங்க பேரைத் தெரிஞ்சுக்கலாமா மேடம்?"

அவளுடைய நம்பர் அவன் கண் முன்னால் திரையில் நின்றது. அது அவன் மனப்பாடம் செய்த நம்பர் அல்ல. அவள் பேரைச் சொன்னாள். வீட்டில் 'ஏய்' என்று மட்டுமே கூப்பிடுகிறவனுக்கு அது யாரோ ஒருத்தியின் பேர்.

"அழகான பேர், மேடம்."

எட்டு வருஷத்தில் முதல் தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வாஷிங் மிஷின் ஒழுகுது சார். வீட்டுக்காரர்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன். காதுலயே வாங்கல. அந்தத் தண்ணியில மாமியார் வழுக்கி விழுந்துட்டாங்க."

"அடடா! இப்ப எப்படி இருக்காங்க மேடம்? அடி பலமா?"

"முழங்கால் வீங்கியிருக்கு. அவர் அதையும் கேக்கல."

"பெரியவங்க பாருங்க, ரொம்ப வேதனையா இருக்குமே."

"இன்னொண்ணும் சொல்லணும். சொல்லலாமா?"

"தாராளமா. கேக்கத்தானே மேடம் உக்காந்திருக்கேன்."

அவள் சொன்னாள். படிப்பு, மருந்துக்கடை, நாளைக் காலை எல்லாவற்றையும் சொன்னாள். ஓரிடத்தில்கூட அவன் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்ததும், கம்பெனி சொல்லிக்கொடுத்தபடி, அவள் சொன்னதை அவளுக்கே திருப்பிச் சொன்னான்.

"அதாவது மேடம், நாளைக்கு நீங்க வேலையில சேரணும். அதை உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வாய்ப்பே கிடைக்கல. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

"சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க. நான் போகலாமா சார்?"

"கண்டிப்பாப் போங்க மேடம். இவ்வளவு படிச்சிட்டு ஏன் வீட்டுல முடங்கணும்? மிஷினுக்கு நாளைக்கே ஆள் அனுப்பறேன். விலாசம் சொல்லுங்க."

அவள் தெருவைச் சொன்னாள். வீட்டு எண்ணைச் சொன்னாள். மூன்றாவது மாடி, நீலக் கதவு என்றாள்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. கோபத்தைக் காட்டவும் வழியில்லை. பதிவை மேலதிகாரிகள் கேட்பார்கள்.

"வேற... வேற ஏதாவது உதவி வேணுமா, மேடம்?"

"வேண்டாம் சார். இதுவே ஜாஸ்தி."

அவள் படியிறங்கி வருவதற்குள் அவன் கூடத்துக்கு வந்துவிட்டான்.

"என்னடி நாடகம் இது? ஆபீஸ்ல தெரிஞ்சா என் மானம் என்னாகும்?"

"நீங்கதானே போங்கன்னு சொன்னீங்க? பதிவாகியிருக்கு."

நடந்ததை அவன் கத்தின கத்தலிலேயே மாமியார் தெரிந்துகொண்டாள். கத்தியைக் கீழே வைத்தாள். "ஏண்டா, யாரோ ஒருத்தியோட மாமியாருன்னா அடி பலமான்னு கேப்ப. பெத்தவள்னா கேக்க மாட்டியா?"

அவன் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினான்.

மறுநாள் அவள் வேலையில் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவன் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். முன்பு பேசியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால், அது அவளுக்குத் தெரியவே கொஞ்ச நாள் ஆயிற்று.

அந்த உரையாடல் கம்பெனிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பேசிய பெண் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாதாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைப் போட்டுக்காட்டிப் பாடம் எடுக்கும் பொறுப்பையும் அவனுக்கே கொடுத்தார்கள்.

ஒரு காலையில் அவள் வாசலில் செருப்பு மாட்டும்போது அறைக்குள்ளிருந்து அவள் குரலே அவளுக்குக் கேட்டது. முழங்கால் வீங்கியிருக்கு, அவர் அதையும் கேக்கல. அதற்குமேல் கணவனின் தேன் குரல்: "கவனிச்சீங்களா? அவங்க எவ்வளவு மனசு உடைஞ்சு பேசறாங்க. நான் ஒரு தடவைகூடக் குறுக்கிடல. அதுதான் மரியாதை."

கம்ப்யூட்டரிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள்: "சார், அந்த மேடம் வேலைக்குப் போனாங்களா?"

"அது நமக்கெதுக்கு? போனை வெச்சதும் மறந்துடணும்."

அவள் அறைக் கதவருகே வந்தாள்.

"போயிட்டுத்தான் இருக்காங்கன்னு சொல்லுங்க."

அந்தப் பெண் மறுபடியும், "சார்... இது அதே குரல்தானே?" என்றாள்.

அவன் என்ன பதில் சொன்னான் என்று கேட்க அவள் நிற்கவில்லை. கடை திறக்கும் நேரமாகிவிட்டது.