குடியிருப்போர் விலை

தரகர் ஹால் சுவரை விரல் மடக்கித் தட்டினார், தர்பூசணி வாங்குகிறவனைப் போலக் காதைச் சாய்த்துக்கொண்டு. "கல்லு மாதிரி இருக்கு பாருங்க" என்றார். பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை. வாங்க வந்தவர் இன்னும் படியேறிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் அவள் சமையலறை வாசலில் நின்றாள். கட்டடத்தின் சொந்தக்காரர் இறந்த பிறகு, மாதாமாதம் வரும் வாடகை அவர் பிள்ளைகளுக்குப் பிச்சைக்காசாகத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக விற்பதென்று முடிவு செய்தார்கள். தெருவைப் பார்த்த சுவருக்கு மட்டும் வண்ணம் அடித்தார்கள். பின்பக்கக் குழாய்கள் பழையபடி ஒழுகின. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் அவளுடையவை இல்லை. வருகிறவர்களில் ஒருவன் கேட்காமல் அலமாரியைத் திறந்தான். ஒருத்தி கழிவறையில் தண்ணீரை இழுத்துவிட்டு, அது நிற்கும்வரை கண்மூடிக் கேட்டாள். இன்னொருத்தி, "நீங்க போனப்புறம் இந்தச் சமையல் வாடை போயிடும்ல?" என்று அவளிடமே விசாரித்தாள். பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்க்கிறவள். எந்தச் சொத்தைப் பல்லையும் அவள் இவர்களைப் போல முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

இந்த ஞாயிறு படியேறி வந்தது அவளுடைய நாத்தனார்.

மூட்டுவலி, மூணு மாடி ஏற முடியாது என்று மகளின் பெயர்சூட்டு விழாவுக்குக்கூட வராதவள். இன்று மூச்சு வாங்காமல் வந்து, செருப்போடு ஹாலின் நடுவில் நின்றாள்.

"வாக்கா" என்றான் அவள் கணவன். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. ஞாயிறன்று எழுந்து பல் விளக்கவே பத்து மணியாக்குகிறவன் காலையிலேயே சவரம் செய்திருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"இந்தச் சுவத்த எடுத்துட்டா ஹால் பெருசாயிடும்ல?" நாத்தனார் காட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"தாராளமா எடுக்கலாம் மேடம்" என்றார் தரகர். "குடியிருக்கிறவங்களுக்குக் கொடுக்கிற விலைக்கு இதெல்லாம் வெளியில கெடைக்குமா? சார் போன வாரமே வந்து, அந்த உரிமைய உங்க பேருக்கு மாத்திக் கையெழுத்து போட்டுட்டாரு. தங்கமான மனுஷன்."

அவள் தங்கமான மனுஷனைப் பார்த்தாள். ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு விலையில் கால்பங்கு சலுகை உண்டு. அந்த உரிமையை வெளியாட்களுக்கு விற்றுவிடக் கூடாது, எல்லோரும் சேர்ந்து நின்றால்தான் சொந்தக்காரரின் பிள்ளைகள் இறங்கி வருவார்கள் என்று மொட்டைமாடியில் கூட்டம் போட்டிருந்தார்கள். அதில் தொண்டை கிழியப் பேசியவன் இவன். "வித்தவன் மனுஷனே இல்ல" என்றான். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும், "எப்படிப் பேசுனேன்?" என்று இரண்டு முறை கேட்டான்.

"நானென்ன வெளியாளா?" நாத்தனார் தன் முகத்தைக் கனிவாக்கிக்கொண்டாள். "உங்கள யாரு போகச் சொன்னா? இங்கயே இருங்க. வாடகைய என் கையில குடுத்துடுங்க, அவ்வளவுதான். என்ன, கொஞ்சம் கூடும். சுவத்துக்குச் செலவு பண்றேன்ல."

"அண்ணி, செருப்பக் கழட்டிட்டு வந்து பாருங்க."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். காலையில் அவள் துடைத்த தரை.

"விடு, தூசிதானே" என்றான்.

அவர்கள் போன பிறகு அவள் கேட்டாள், "என்கிட்ட ஒரு வார்த்த?"

"சொன்னா ஒத்துக்கவா போற? நமக்காகத்தான் செஞ்சேன். வீடு மாத்துற அலைச்சல் இல்ல பாரு."

"மாடியில பேசுனது?"

"அது கூட்டத்துல பேசுறதும்மா."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எதிரில் ஓர் ஆள் வேண்டும். அசிங்கம் எதையோ மிதித்துவிட்டு, கழுவத் தண்ணீர் தேடுகிற அவசரம்தான் இருந்தது.

மருத்துவமனைக்குப் பின் சந்தில் ஒன்றரை அறை கிடைத்தது. தகரக் கதவு, பொதுக் குழாய். முன்பணத்தைத் தன் சம்பளத்தில் கொடுத்தாள். "ஒரு வாரம் தாங்குவியா?" என்று அவன் சிரித்தான். மகள் புத்தகங்களைக் கட்டத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "அக்கா என்ன நெனைப்பா?" என்றான்.

"உங்க அக்காவுக்கு நீங்க குடித்தனம் இருங்க. எனக்கும் இவளுக்கும் வேண்டாம்."

சாமான் இறங்கிய அன்று வீட்டுக்கு வீடு கதவு திறந்து வேடிக்கை பார்த்தார்கள். மாடியில் கைதட்டியவர்கள்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் உச்சுக் கொட்டினார்கள். இரண்டாம் மாடிக்காரர் மட்டும் அவள் கணவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "கையெழுத்துக்கு உங்க அக்கா தனியா என்ன குடுத்தாங்க? என் மச்சானும் கேக்குறான்" என்று குசுகுசுத்தார். அவள் அவரைத் தாண்டி இறங்கினாள். துப்ப வந்த எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

கடைசியாகப் பீரோ. சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் அதைத் திருப்பத்தில் சாய்த்து இறக்கினார்கள். மேலிருந்து ஓடிவந்த கணவன் அதன் ஒரு காலைப் பிடித்தான். "பாத்து, பாத்து" என்றான்.

"சார், ஒண்ணு தூக்குங்க, இல்ல விடுங்க" என்றார் கீழே நின்றவர். பாரம் மொத்தமும் அவர் தோளில் இருந்தது.

அவன் தூக்கவும் இல்லை, விடவும் இல்லை. மகள் வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். கீழ்ப்படியிலிருந்து பார்த்த அவளுக்கு, சாய்ந்து நின்ற பீரோவுக்கு மேலே அவன் தலை தெரியவில்லை. இரும்புக் காலை இறுக்கிப் பிடித்து வெளுத்துப்போன விரல்கள் மட்டும் தெரிந்தன.