கமடோரின் குளத்தில் கூட்டம்

கமடோர் வெண்டெல் பிராட்டிங்கரின் நீச்சல் குளத்தை ஒவ்வொரு மே மாதமும் திறந்துகொடுப்பவன் நான்தான். பத்தொன்பது வருடமாகிறது. கமடோர் என்றதும் கடற்படை, பீரங்கி என்று போய்விட வேண்டாம். எங்கள் தீவுப் படகு மன்றத்தின் தலைவர், அவ்வளவுதான். மன்றத்தில் ஒன்பது படகுகள். அவற்றில் இரண்டு மிதக்காது.

குளிர்காலம் முழுக்கக் குளத்தின் மேல் இழுத்துக் கட்டியிருந்த போர்வையின் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். மேலே கிடக்கும் பைன் ஊசிகளையும், வழக்கமாக ஒரு செத்த எலியையும் வாரிப்போட்டு, குழாய்களின் அடைப்பான்களைப் பிடுங்கி, குறைந்த தண்ணீரை நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, குளோரின் கொட்ட வேண்டும். மற்ற வீடுகளில் சன்னல் வழியாகக்கூட யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இங்கே அது விழா. கமடோர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கொடியேற்றுவார். மோட்டார் முதல் இருமல் இருமியதும் சல்யூட் அடிப்பார். அது காற்றை எல்லாம் கக்கித் தண்ணீரைப் பிடிக்க நாலு நிமிடமாகும். அடித்த சல்யூட்டை இறக்கவும் முடியாமல் நாலு நிமிடமும் கை நடுங்க நிற்பார். முன்னெல்லாம் அவர் மனைவி சமையலறையிலிருந்து சிரிப்பது கேட்கும். அந்தம்மாள் போய் ஆறு வருடமாகிறது.

இந்த வருடம் போர்வையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கமடோர் குளத்தங்கரையில் நின்று பெருமூச்சு விட்டார்.

"போன கோடைல இங்க கால் வைக்க இடமில்ல ஸ்டான். அறுபது பேர்! இந்தக் குளம் எப்பிடித்தான் தாங்குச்சோ."

நான் குனிந்து டைல்ஸைப் பார்த்தேன். மனிதர்கள் குளித்த குளம் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு வைத்திருக்கும். உடம்பில் பூசிய வெயில் எண்ணெய், வியர்வை, அழுக்கு எல்லாம் சேர்ந்து பழுப்பாக ஒட்டிக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் தண்ணீரைக் குறைத்து மூடும்போது அது அப்படியே தங்கிவிடும். வசந்தத்தில் அதைத் தேய்த்தெடுப்பது என் வேலை. இந்த டைல்ஸ் கடையில் வாங்கியது போலப் பளபளத்தது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. உப்பிய பலூனைக் கண்டால் கை ஊசியைத் தேடும்.

"அறுபது பேரும் கரையில நின்னு வேடிக்கை பாத்தாங்க போல கமடோர். கோடு விழவே இல்லையே. ஒருத்தர் எறங்கியிருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிரும்."

அவர் டைல்ஸைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். கமடோர் தோரணை இல்லாத ஒரு குரலில் சொன்னார்:

"சனிக்கிழமை கோரின் வர்றா. பிள்ளைங்க மூணையும் கூட்டிட்டு. ரெண்டு வருஷமா, தண்ணி சில்லுன்னு இருக்கும் டாடி, சின்னவனுக்கு சளி புடிக்கும்னே சொல்லிட்டிருந்தா. இந்தத் தடவை புது ஹீட்டர் வச்சாச்சு. எண்பத்து நாலு டிகிரி ஃபாரன்ஹீட், வெதுவெதுன்னு இருக்கணும் ஸ்டான். அவ சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது."

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே இருக்கும் சார்."

அன்று பிற்பகல் மோட்டார் இருமியபோது சல்யூட் இல்லை. அவர் உள்ளே போயிருந்தார். நாலு நிமிடமும் நான் மட்டும் நின்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை தண்ணீர் எண்பத்து நாலைத் தொட்டது. அடியில் ஒரு ஊசி கிடந்தால் எடுக்கலாம், அத்தனை தெளிவு. போனில் சொன்னேன். "சபாஷ்!" என்றார்.

போர்வீரர் நினைவு தின விடுமுறையில், சனி முதல் திங்கள் வரை, தீவே கறி சுட்ட புகையில் இருமியது. திங்களன்று நான் கடற்கரை வண்டி நிறுத்தத்தில் என் வேனுக்குள் உட்கார்ந்து டியூனா சாண்ட்விச் தின்றேன். யார் வீட்டுக் குளமாவது திடீரென்று பாசி பிடித்துப் பச்சையாகாதா, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லோருக்கும் நன்றாகத் திறந்துகொடுத்துத் தொலைத்திருந்தேன்.

செவ்வாயன்று வாராந்திரச் சுத்தத்துக்குக் கமடோர் வீட்டுக்குப் போனால், வாசலிலேயே வெயில் எண்ணெயின் தேங்காய் வாசனை. தண்ணீர் கலங்கலாகக் கிடந்தது. டைல்ஸில் கோடு! விரல் தடிமனுக்கு, வழுவழுவென்று. வேலி ஓரமாக ஏழு துண்டுகள் காய்ந்தன.

"எப்பிடி?" என்றார் கமடோர். தொப்பி தலைக்குத் திரும்பியிருந்தது.

நான் மண்டியிட்டேன். ஆட்கள் இறங்கினால் படிக்கட்டுப் பக்கம், ஆழம் குறைந்த பக்கம் கோடு தடித்திருக்கும், ஆழத்தில் மெலிந்திருக்கும். இது சுற்றிலும் அளவுகோல் வைத்து இழுத்தது போல ஒரே சீராக இருந்தது. குப்பை சேரும் கூடையைத் தூக்கினேன். ஆறு ஹேர்பின்கள், ஆறும் புத்தம் புதுசு, ஒன்றில்கூட ஒரு முடி இல்லை. ஏழு துண்டுகளிலும் கடையில் மடித்த மடிப்பு கலையவில்லை. வடிகட்டியின் அழுத்தம் காட்டும் முள் சிவப்பில் நின்றது. ஒரு பாட்டில் எண்ணெய்க்கு அது அவ்வளவு போகாது. மூன்று பாட்டிலாவது கொட்டியிருக்கும்.

கோரின் இந்தத் தடவை என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நாக்கு நுனியில் ஊசி தயாராக இருந்தது. அதை அப்படியே விழுங்கினேன். உள்ளே போகும்போது குத்தத்தான் செய்தது.

"செம கூட்டம் போலிருக்கே கமடோர்."

அவர் முகம் மலர்ந்தது. நான் பஞ்சால் தேய்க்கத் தேய்க்க, கூடவே கரையோரம் நடந்துவந்து சொன்னார். பெரியவன் குட்டிக்கரணம் போட்டுக் குதித்தானாம். நடுவில் உள்ளவள் தண்ணீருக்குள் மூச்சடக்கி நாற்பது எண்ணினாளாம். சின்னவன் தாத்தா கழுத்தைவிட்டு இறங்கவே இல்லையாம். அரை மணியில் முடிகிற வேலை. ஒன்றரை மணி நேரம் தேய்த்தேன்.

"உன் வீட்டுல எப்பிடி ஸ்டான்? லீவு நல்லாப் போச்சா?"

"எங்க சார், வீடு கொள்ளாத ஆளு. உக்கார நாற்காலி இல்லாம நானே வேனுக்குள்ள போயி உக்காந்து சாப்ட்டேன்னா பாத்துக்கோங்க."

அவர் என் வேனைப் பார்த்தார். முன் கண்ணாடிக்குக் கீழே சாண்ட்விச் சுற்றிய தாள் கிடந்தது. ஒரே ஒரு தாள்.

"அப்பிடித்தான்," என்றார் மெதுவாக. "கூட்டம்னா அப்பிடித்தான்."

சாமான்களை ஏற்றி முடித்தேன். கதவைச் சாத்தப் போனவன் திரும்பினேன்.

"அடுத்த வாரமும் வருவாங்களா சார்?"

"வராம?"

"வடிகட்டி தாங்காது. கொஞ்சம் கம்மியா வரச் சொல்லுங்க."

கமடோர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். தேங்காய் வாசனை இன்னும் போகவில்லை.

"சரி," என்றார். "சொல்றேன்."