வேட்பாளரின் கீழ்வரிசை

சாரதாமணி என்ன வேலை பார்க்கிறாள் என்று நாமக்கல்லில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவளுக்கு வேலை கொடுத்த டாக்டர் வெங்கடாசலத்துக்கே அதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

ராசிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். சென்னையில் டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்பை முடித்துவிட்டு 1983இல் ஊர் திரும்பியிருந்தாள். "டாக்டரா?" என்று கேட்பார்கள். இல்லை. "அப்ப நர்சா?" அதுவும் இல்லை. பல்லில் இறுகிப்போன காரையைச் சுரண்டி எடுத்து ஈறைக் காப்பாற்றுகிற வேலை என்று அவள் விளக்க ஆரம்பிப்பதற்குள், கேட்டவர்கள் மழை வருமா வராதா என்ற பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவளுடைய அப்பா மட்டும் சுருக்கமாக, "பல் டாக்டர்ல பாதி" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

டாக்டர் வெங்கடாசலத்தின் கிளினிக் சேலம் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அவருக்குப் பிடித்த வைத்தியம் பல் பிடுங்குவது. ஜனங்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது. பஸ் ஏறி டவுனுக்கு வந்தவன் எல்லாப் பல்லோடும் திரும்பிப் போனால், வைத்தியம் பார்த்துக்கொண்டதாகவே ஊரில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் நாளே டாக்டர் அவளுக்குத் தொழில் அறிவுரை சொன்னார். "பேஷண்ட்கிட்ட எதையும் விளக்கிட்டு நிக்காதே. அவங்க வாயைப் பாக்கற இடத்துல உன் வாய்க்கு என்னம்மா வேலை?"

ஆக, டோக்கன் கூப்பிடுவது, ஆயுதங்களைக் கொதிக்க வைப்பது, பல் பிடுங்கும்போது நோயாளியின் தலை ஆடாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் அவள் வேலையாயிற்று. படித்த வேலை எப்போதாவது வந்தது. அதையும் நின்றபடி குனிந்துதான் செய்ய வேண்டும். நாற்காலி வாங்கித் தரச் சொன்னதற்கு, "சின்ன வயசுதானே" என்றார் டாக்டர். சாயங்காலம் ராசிபுரம் பஸ்ஸில் உட்காரும்போது கழுத்து ஒரு பக்கமாகவே நிற்கும்.

இப்படியிருக்கையில்தான் வெள்ளியங்கிரி வந்து சேர்ந்தார்.

மோகனூர்ப் பக்கம் பெரிய கரும்புத் தோட்டக்காரர். அந்த வட்டாரத்துக் கரும்பு விவசாயிகள் சங்கத்தின் தலைவர் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் பக்கத்துத் தோட்டத்து செல்லமுத்து. போஸ்டர் அடிப்பதற்காகப் படம் எடுக்கப் போன இடத்தில், ஸ்டூடியோக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "ஐயா சிரிக்காம இருந்தா இன்னும் கம்பீரமா இருக்கும்" என்றிருக்கிறார். இருபது வருஷமாக வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய். வெள்ளியங்கிரிக்கு மானம் போய்விட்டது. அங்கிருந்து நேராக டயர் கடை மாடிக்கு ஏறிவிட்டார்.

"ஏனுங் டாக்டரே, பல்லை வெளுப்பாக்கிப் போடோணும். நாளைக்குப் படம் எடுக்கறமுங்க."

டாக்டர் சாரதாமணியைக் கை காட்டினார். அவள் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தாள். வெளியே தெரிந்த சிவப்பு ஒன்றும் பெரிய விஷயமில்லை. கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் காரை மதில்சுவர் மாதிரி எழும்பி நின்றது. ஈறு இறங்கி, வேர் பாதி வெளியே வந்துவிட்டிருந்தது. பற்கள் நின்றது எலும்பின் பலத்தால் அல்ல, அந்தச் சுவரின் பிடிமானத்தால்.

இப்படிப்பட்ட வாயை ஒரே நாளில் முடிக்கக் கூடாது, பாதிப் பாதியாகச் செய்ய வேண்டும் என்று படித்திருந்தாள். சுத்தம் செய்த பிறகு என்னென்ன தெரியும் என்பதை ஆரம்பிக்கும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஆரம்பிக்கும் முன் சொன்னால் அது விளக்கம், முடிந்த பின் சொன்னால் அது சாக்கு என்று அவளுடைய ஆசிரியை சொல்வார்.

"ஐயா, இதை எடுத்தா பல்லுக்கு நடுவுல சந்து தெரியும், கொஞ்ச நாள் கூச்சம்..." என்று ஆரம்பித்தாள்.

"சாரதாமணி!" என்றார் டாக்டர். அந்தக் குரலில் முதல் நாள் அறிவுரை முழுவதும் இருந்தது.

மத்தியானம் முழுக்கச் சுரண்டினாள். துண்டு துண்டாகக் காரை உதிர்ந்தது. முடித்துக் கண்ணாடியைக் கொடுத்ததும் வெள்ளியங்கிரி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அட சாமி, இது நம்ம பல்லுங்களா!" என்று தனக்குத்தானே சிரித்துக்காட்டிக்கொண்டார்.

அவர் இறங்கிப் போகும்போது படிக்கட்டு வரை ஓடி, டாக்டருக்குக் கேட்காமல் சொன்னாள். "ஐயா, கீழ முன்பல்லு கெட்டியா இல்லீங்க. அதுல எதையும் கடிக்காதீங்க. பொகையிலையை நிறுத்திப்போடுங்க."

"ஆகட்டும் அம்மிணி," என்றபடி அவர் வெற்றிலைப் பையின் சுருக்கை அவிழ்த்தார்.

போஸ்டர் பிரமாதமாக வந்தது. கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மோர் குடித்தால் மண்டை வரை கூசியது. முன்பல் சந்துகளில் காற்று புகுந்து பேச்சில் விசில் வந்தது. "விவசாயிகளே" என்று அவர் மைக்கில் கூப்பிட்டால், கூட்டத்தின் ஓரத்தில் படுத்திருந்த நாய்கள்தான் முதலில் எழுந்து வந்தன. இதையெல்லாம் விட மோசம் செல்லமுத்து கிளப்பிவிட்ட பேச்சு. வெள்ளியங்கிரி எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டுப் பல் செட் வைத்துக்கொண்டாராம். கரும்பைக் கடிக்க முடியாத ஆள் கரும்புக்காரனுக்கு எப்படித் தலைவராவது? ஊர் ஊராக இது பரவியது. பழைய சிவந்த வாயைத்தான் ஜனங்கள் நம்பியிருந்தார்கள். வெள்ளைச் சிரிப்பைப் பார்த்ததும் ஏதோ விற்க வந்த ஆள் மாதிரி ஒரு அடி தள்ளி நின்றார்கள்.

மறு வாரம் வெள்ளியங்கிரி தன் மனைவி சௌந்திரத்தையும் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். டாக்டரின் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"எடுத்ததை அத்தனையும் திரும்ப ஒட்டிப்போடுங்க!"

டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "அன்னைக்கே சொன்னேனுங்க, மெதுவாப் பண்ணும்மான்னு. இந்தப் பொண்ணுதான் கேக்கல."

சாரதாமணிக்குக் கையில் இருந்த கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் எதிரே ஒரு மனிதர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பதில் சொல்ல வேறு ஆள் இல்லை.

"ஐயா, எடுத்த காரையை ஒட்ட முடியாதுங்க. பல்லு முன்னாலயே ஆடிட்டுத்தான் இருந்துச்சு, காரை அதை மறைச்சுட்டு நின்னுச்சு. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்புளிங்க. கூச்சம் கொஞ்ச நாள்ல கொறஞ்சுபோகும்."

"கொஞ்ச நாள்ல தேர்தலே முடிஞ்சுபோகும் அம்மிணி!" அவர் பொத்தென்று உட்கார்ந்தார். யோசித்தார். "சரி, ஒண்ணு பண்ணுங்க. நாளைக்குச் சங்கத்துல ரெண்டு பேரையும் ஒரே மேடையில ஏத்தறாங்க. நீங்க வந்து மைக்குல சொல்லிப்போடுங்க, இது சொந்தப் பல்லுன்னு. டாக்டரே, நீங்களும் வாங்க."

"நான் வந்தா அரசியல் ஆயிடும்," என்றார் டாக்டர். "சாரதாமணி வரட்டும்."

மறுநாள் அம்பாசிடரின் பின்சீட்டில் சௌந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து போனாள் சாரதாமணி. ஒரு பையில் பஞ்சும் கண்ணாடியும் எடுத்து வைத்திருந்தாள். சௌந்திரம் வழிநெடுக முந்தானையால் வாயை மூடியபடி, பேசும்போதுகூட அதை எடுக்காமல் வந்தார். "இந்தத் தலைவர் வேலை இவருக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்கலீங்க," என்றார் துணிக்குள்ளிருந்து.

மைதானம் நிறையக் கூட்டம். சாரதாமணியை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். "ஐயாவுக்கு இருக்கறது அவரோட சொந்தப் பல்லுங்க. நான் சுத்தம் பண்ணினேன், அவ்வளவுதான்," என்றாள்.

"இந்தப் பொண்ணு டாக்டரா?" என்று யாரோ கத்தினார்கள்.

"இல்லீங்க."

"நர்சா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னத்துக்கு மேடை ஏறுன?"

சிரிப்பு அடங்குவதற்குள் செல்லமுத்து எழுந்தார். அவருடைய ஆட்கள் தயாராக வைத்திருந்த முழுக் கரும்பு ஒன்று மேடைக்கு வந்தது. "சாட்சியெல்லாம் எதுக்குங்க? வெள்ளியங்கிரி அண்ணன் இதை ஒரு கடி கடிச்சுக் காட்டட்டும். நான் இப்பவே வாபஸ் வாங்கிக்கறேன்."

கூட்டம் "கடி, கடி" என்றது.

சாரதாமணி கீழே இறங்கும் முன் அவர் காதருகே சொன்னாள். "பக்கப் பல்லுல கடிங்க ஐயா. முன்பல்லு வேண்டாம்."

நல்ல யோசனைதான். ஆனால் பக்கப் பல்லில் கடித்தால் கூட்டத்துக்குப் பல் தெரியாது. போஸ்டரில் அச்சான பல் எதுவோ அதைத்தான் காட்ட வேண்டும் என்று வேட்பாளருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கரும்பைப் புல்லாங்குழல் போலக் குறுக்கே பிடித்து, முன்பற்களைப் பதித்து, தோலை ஒரே இழுப்பாக இழுத்தார்.

தோல் உரிந்து வந்தது. அதோடு கீழ்வரிசைப் பல் ஒன்றும் வந்து கரும்பிலேயே நின்றது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! செட்டு கழண்டுபோச்சு!" என்று செல்லமுத்து குதித்தார். கூட்டம் ஹோவென்று கத்தியது. வெள்ளியங்கிரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லுக்குப் பதில் ரத்தம் வந்து வெள்ளைச் சட்டையின் மார்பில் வழிந்தது.

சத்தம் நின்றுபோயிற்று.

சாரதாமணி எதையும் யோசிக்கவில்லை. பையோடு மேடைக்குத் தாவி ஏறினாள். அவரை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்து, பஞ்சைச் சுருட்டிப் பல் போன குழியில் வைத்து, "கடிச்சுப் பிடிங்க" என்றாள். அவர் இன்னும் பேசப் பார்த்தார். "அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. துப்பவும் கூடாது. தலைவரா இருந்தாலும் சரி!" பக்கத்திலிருந்த மைக் இதையும் கேட்டு மைதானம் முழுக்கச் சொன்னது.

முன்வரிசைக் கிழவர் ஒருவர் கரும்பை வாங்கி, அதில் நின்ற பல்லைத் தொட்டுப் பார்த்தார். "வேரு இருக்குதுடா. செட்டுப் பல்லுக்கு ஏதுடா ரத்தம்?"

வெள்ளியங்கிரி வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, கை கூப்பியபடி உட்கார்ந்திருந்தார். அடுத்த அரை மணி நேரம் செல்லமுத்து வாபஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார். எவ்வளவு பேசினாரோ அவ்வளவு ஓட்டு குறைந்தது. ரத்தக் கறையோடு பேசாமல் இருந்த வேட்பாளரை அந்த வட்டாரம் அதுவரை பார்த்ததில்லை. மறுநாளே சுவர்களில் புது வாசகம் வந்துவிட்டது. 'கரும்புக்காக ரத்தம் சிந்திய அண்ணன்.' வெள்ளியங்கிரி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

வெற்றி ஊர்வலம் டயர் கடை வாசலில் நின்றது. மாலை டாக்டர் வெங்கடாசலத்தின் கழுத்தில் விழுந்தது. "எல்லாம் நம்ம ட்ரீட்மென்ட்தான்," என்று அவர் அடக்கமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு கிளினிக்கில் கூட்டம் தாங்கவில்லை. பால் சங்கத்துக்கு நிற்கிறவர், பள்ளிக்கூடக் கமிட்டிக்கு நிற்கிறவர் என்று எல்லோரும் வந்து "சுத்தம் பண்ற அம்மிணி எங்கீங்க?" என்று கேட்டார்கள். ஒரு நாள் செல்லமுத்துவே வந்தார். சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த தேர்தலுக்கு எனக்கும் ஒரு பல்லை லேசா ஆட்டி வெச்சுப்போடுங்க. நேரம் பாத்து விழுகற மாதிரி."

"ஆட்டிடலாமுங்க," என்று டாக்டர் குறடை எடுத்தார்.

"நல்ல பல்லை ஆட்டறதா இருந்தா நான் நாளைலேர்ந்து வரமாட்டேன் சார்," என்றாள் சாரதாமணி. சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. வாய் திறந்த வேகத்தில் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். "மேட்டூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ஆள் தேடறாங்க. அங்க போறேன்."

டாக்டர் குறடைக் கீழே வைத்தார். வெளியே பெஞ்சில் அவளுக்காகக் காத்திருந்தவர்களை ஒரு முறை எட்டிப் பார்த்தார். "என்னம்மா வேணும் உனக்கு?" என்றார் மெதுவாக.

எனக்கு முதுகு சாய்த்து உட்கார ஒரு நாற்காலி வேண்டும். ஆரம்பிக்கும் முன் நோயாளியிடம் பேசுவேன், நீங்கள் குறுக்கே வரக் கூடாது. என் பெயர் போர்டில் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு காலை பெண்களுக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் டாக்டர் தலையாட்டினார். போர்டு எழுதியவர் ஹைஜீனிஸ்ட் என்ற சொல்லோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் 'பல் சுத்த நிபுணி' என்று எழுதிவிட்டுப் போனார். அவள் அதை மாற்றச் சொல்லவில்லை.

அன்று டாக்டர் தலையாட்டியதும் செல்லமுத்துவிடம், "உங்க பல்லை நான் ஆட்ட வேண்டாங்க. நீங்க போடற பொகையிலையே சீக்கிரம் ஆட்டிடும்" என்றாள். அவர் பயந்துபோய் அன்றைக்கே வாயைத் திறந்து காட்டினார்.

பெண்களுக்கான முதல் காலையில் வந்த முதல் ஆள் சௌந்திரம். கதவைச் சாத்தச் சொன்னார். நெடுநேரம் கழித்துத்தான் முந்தானையை எடுத்தார். ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம் கசிந்தது.

"பிரசவத்துக்குப் பிற்பாடு இப்படி ஆச்சுங்க. நாத்தம் அடிக்குதோன்னு பயம். எம்பட ஊட்டுக்காரருகூட நேரா பாத்ததில்லை. ஆம்பிளை டாக்டருகிட்டப் போயி எப்படிங்க தொறக்கறது?"

சாரதாமணி நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன செய்யப்போகிறாள், எங்கே கூசும், பிறகு எப்படி இருக்கும் எல்லாவற்றையும் முதலில் சொன்னாள். ஒரு பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து, "நாக்கால தடவிப் பாருங்க" என்றாள்.

சௌந்திரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தடவிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "மறு பக்கமும் இப்பவே பண்ணிப்போடுங்க சாமி."

"அடுத்த வாரம் வாங்கம்மா. ஈறு ஆறட்டும்."

அடுத்த வாரம் டயர் கடை வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லரிலிருந்து சௌந்திரமும், பின்னாலேயே அவருடைய தோட்டத்தைச் சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் இறங்கினார்கள். மாடிப்படி முழுக்க முந்தானையால் வாய் மூடிய வரிசை. டாக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்து ஆசையோடு பார்த்தார்.

"யாருக்காச்சும் பல்லு பிடுங்கணுமா?"

ஒருவரும் அசையவில்லை. சாரதாமணி உள்ளேயிருந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.