நைதர் வந்தால் நார்

"நைதர் வந்தா ஆர்," என்றாள் அஞ்சு.

"நார்," என்றாள் மூணு, வாயில் கவளத்தோடு.

ஹோட்டலின் கீழ்த்தளத்தில், துவைத்த துணிகள் வந்து சேரும் அறையில், அடுக்கிய துவாலைகளுக்கு நடுவே இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மடக்கினால் வலிக்கும் முழங்காலை அஞ்சு நேராக நீட்டியிருந்தாள். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அங்கே மாடிதான் பெயர். மூன்றாம் மாடிக்காரி மூணு, ஐந்தாம் மாடிக்காரி அஞ்சு. புதிதாக வந்த மேனேஜர், அஞ்சு என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்றே வெகுநாள் நினைத்திருந்தார். அவளும் திருத்தவில்லை. "நல்லாத்தானே இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்," என்று விட்டுவிட்டாள்.

இந்தப் படிப்புக்குக் காரணம் சுவரில் ஒட்டிய அறிவிப்பு. மாடிகளை மேற்பார்வை பார்க்க ஓர் ஆள் வேண்டும், இங்கே வேலை செய்கிறவர்களிலிருந்தே எடுப்பார்கள், ஆனால் ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு உண்டு. விருந்தினர் புகார் எழுதினால் பதில் எழுதத் தெரிய வேண்டுமாம். அஞ்சுவுக்குப் பேச்சு சரளம். விருந்தினர்களோடு கதையடித்தே கற்றுக்கொண்டது. பேனாவை எடுத்தால்தான் தடுமாற்றம். மூணு அதற்கு நேர்மாறு. பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இலக்கணம் மட்டும் எப்படியோ பிடிபட்டுவிட்டது. சேர்ந்தே படிப்போம் என்று முதலில் சொன்னவள் அஞ்சுதான்.

"தமிழ்ல பாருடி, நீயோ நானோன்னு ரெண்டு பக்கமும் ஒரே வாலை ஒட்டினா வேலை முடிஞ்சுது. இவங்களுக்கு முன்னாடி ஒண்ணு, நடுவுல வேற ஒண்ணு. எதுக்கு இந்த வம்பு?"

"ஜோடிக்கா. ஐதர் வந்தா ஆர், நைதர் வந்தா நார், போத் வந்தா ஆண்ட். மாத்திக் கட்டக் கூடாது."

"அப்ப வினைச்சொல்லு?"

"ஐதர், நைதர்ல ரெண்டாவதா, பக்கத்துல நிக்கிறவங்களைப் பாத்து மாறும். பக்கத்துல ஒருத்தர்னா ஹேஸ், பல பேர்னா ஹேவ்."

"நம்ம மேனேஜர் மாதிரின்னு சொல்லு. பக்கத்துல யாரோ அவங்களுக்கு ஏத்த தாளம்."

மூணுவுக்குப் புரையேறியது. அஞ்சு தலையில் தட்டிவிட்டாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் 'நீயோ நானோ' இருவர் காதிலும் விழுந்தது போலிருந்தது. மேற்பார்வைக்கு இருப்பது ஒரே இடம். டப்பாக்களை மூடிக்கொண்டு எழுந்தார்கள்.

அஞ்சுவுக்கு அந்த வேலை ஏன் வேண்டும் என்று மூணுவுக்குத் தெரியும். குளியல் தொட்டியைத் தேய்க்க மண்டியிட்டால் எழுந்திருக்கக் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குகிறாள். இப்படியே போனால் நடமாட்டமே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூணுவின் காரணம் அஞ்சுவுக்குத் தெரியாது. மூணுவின் கணவன் பேக்கரி வேலைக்கு விடியுமுன் போகிறவன். இவளுக்கோ மாலை ஷிப்ட். அவன் வரும்போது இவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்", "சரி". குடித்தனம் வாசற்படியிலேயே நடந்தது. மேற்பார்வை வேலை பகலில். இதைப் போய் எப்படி வெளியே சொல்வது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தேர்வன்று மாநாட்டு அறை வாசலில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கதவு திறக்கும் நேரம். அஞ்சு மூணுவின் கையைப் பிடித்தாள்.

"ஏய், நாட் ஒன்லி வந்தா அப்புறம் என்னடி? சுத்தமா மறந்துபோச்சு."

மூணு அவளைப் பார்த்தாள். தப்பான பதில் சொல்லவே வேண்டாம். "எனக்கும் ஞாபகம் வரலக்கா" என்று உதட்டைப் பிதுக்கினால் போதும். பதற்றத்தில் யாருக்கும் வருவதுதானே. சாயங்காலம் வீட்டில் இரண்டு தட்டு எதிரெதிரே வைத்திருப்பது போல ஒரு காட்சி வந்து போனது. வரிசை நகரத் தொடங்கியது.

"பட் ஆல்சோ," என்றாள். சொன்ன குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள்: "பட் ஆல்சோ-க்கா."

வந்த கேள்வியும் அதுவேதான். ஹீட்டரும் ஓடவில்லை, துவாலைகளும் வரவில்லை என்று கோபப்படும் விருந்தினருக்கு மன்னிப்புக் கடிதம். இரண்டு ஜோடிகளாவது அதில் வர வேண்டும். மூணு பிழையில்லாமல் எழுதினாள். பிறகு நேர்முகத்தில் மேனேஜர் அதையே வாயால் சொல்லச் சொன்னபோது, 'நைதர்' வந்து நின்றது, மற்றது தொண்டையோடு தங்கிவிட்டது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அஞ்சு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் கேட்டப்ப உன் முகத்தைப் பாத்தேன். சொல்ல மாட்டேன்னு நெனச்சேன்டி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் மூணு.

அஞ்சு நீட்டிய காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வேலை அஞ்சுவுக்குக் கிடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள், மூணுவும் தட்டினாள். மனதார மகிழ்ச்சிதான். ஆனால் மறுநாள் வீட்டு வாசலில் கணவன் "என்னாச்சு?" என்று கேட்டபோது "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த வாரம், பகல் நேரம் முடிகிற தறுவாயில், கறுப்புக் கோட்டும் இடுப்பில் சாவிக்கொத்துமாக அஞ்சு மூன்றாம் மாடிக்கு வந்தாள். கோட்டின் தோள்பட்டை அவளுக்குப் பெரிது. மேசை விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள், தடவியதற்கே வெட்கப்பட்டவள் போல விரலைக் கோட்டில் துடைத்தாள். யார் எந்த ஷிப்ட் என்று எழுதுவது இனி அவள்தான். பகல் ஷிப்ட் கேட்டுவிடலாம் என்று மூணு வாயைத் திறந்து, கேட்காமலே மெத்தைமேல் விரிப்பை உதறினாள்.

"மாலை ஷிப்ட்தான் உனக்குச் சௌகரியமாடி?" என்றாள் அஞ்சு, ஜன்னலைப் பார்த்தபடி. "இத்தனை நாள் உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல."

மேற்பார்வையாளர்கள் படுக்கையைத் தொடுவதில்லை. அஞ்சு சாவிக்கொத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் ஒரே மூச்சில் தூக்க, துணி காற்றை வாங்கிக்கொண்டு கூரைவரை உப்பி எழுந்தது. சாய்ந்த வெயில் அதற்குள் புகுந்து நின்றது. துணிக்கு அந்தப் பக்கம் இருந்தவளின் முகம் தெரியவில்லை. பதில் சொல்ல, அது மெல்ல இறங்குவதற்காக மூணு காத்திருந்தாள்.