மீதிச் சாட்சி

அன்று இருந்தவர்கள்: போதகர் திலக்ஷன். செயலாளர் சதீஸ்குமார், மாநகர சபையில் கிளார்க். பெண்கள் சங்கத் தலைவி பிரேமிளா. மூப்பர் வீரையா, கடுகண்ணாவையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். சபையின் நேர்சரி டீச்சர் நிரோஷா.

மண்டபத்தில் கூரை வேலை நடந்ததால் கூட்டம் நேர்சரி அறையில். பிள்ளைகளின் பிளாஸ்டிக் கதிரைகளில் நான்கு பேரும் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். நிரோஷா உட்காரவில்லை. மேசையில் காய்ந்துபோயிருந்த பசையைப் பழைய அடிமட்டத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெளியே காலையிலிருந்து விடாத மழை.

"எழும்பினா கதிரையும் கூடவே வரும் போல," என்றார் வீரையா. யாரும் சிரிக்கவில்லை.

"டீச்சர், அத வச்சிட்டு இங்கிட்டு வாங்க," என்றார் சதீஸ்குமார். "ஜெபம் பண்ணிட்டுத் தொடங்குவோம்."

திலக்ஷன் ஜெபித்தான். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

அவன் இந்தச் சபைக்கு வந்து அதிக காலமாகவில்லை. தன்பாலின ஈர்ப்புள்ளவர்களைச் சபைகள் எப்படி வரவேற்பது என்று கொழும்பில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய்வந்து, அதைப் பற்றித் தொடர்ந்து பிரசங்கம் செய்தான். ஒருவரும் எதிர்க்கவில்லை. "நல்ல செய்தி பாஸ்டர்" என்று கைகொடுத்துவிட்டுத் தேநீர் குடித்தார்கள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். நிரோஷா தன் விஷயத்தை அவனிடம் தனியாகச் சொன்னபோது, "சாட்சி நேரத்துல சொல்லுங்க டீச்சர். நம்ம சபையில சாட்சிய யாரும் எதுத்துப் பேசினதில்ல," என்றான். அது உண்மைதான். குடியை விட்டவர்களும் கடனிலிருந்து மீண்டவர்களும் அங்கே நின்று பேசியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஆமென் கிடைத்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் எழும்பினாள். தானும் சீதாவும் குண்டசாலையில் ஒரே அறையில் இருப்பது சிநேகிதிகளாக அல்ல, குடும்பமாகத்தான் என்றாள். ஆண்டவரிடம் மறைக்காததைச் சபையிடமும் மறைக்க விரும்பவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். சபை மீதிக்காகக் காத்திருந்தது. அதிலிருந்து கர்த்தர் எப்படி விடுவித்தார் என்ற மீதி. அது வரவில்லை. பின்வரிசையில் யாரோ அல்லேலூயா சொல்லப்போய் "அல்லே" என்று தொடங்கி நிறுத்தினார்கள். பிறகு பிரேமிளா ஓடிவந்து அவள் தலையில் கைவைத்து அழுது ஜெபித்தாள். மற்றவர்களும் வந்து கைவைத்தார்கள். அத்தனை கைகளின் பாரத்தில் நிரோஷாவின் கழுத்து இரண்டு நாள் வலித்தது.

"நீங்க பாதிதான் சொன்னீங்க டீச்சர்," என்றார் சதீஸ்குமார்.

"முழுசும் சொல்லிட்டேன் அண்ணே."

"சாட்சின்னா விடுதல இருக்கணும். விடுதல இல்லாட்டி அது வெறும் கத. அந்தக் கதையத்தான் இப்ப தாய்மார் கேட்டில நின்னு பேசுறாங்க. பிள்ளைகள நிப்பாட்டப் போறதா ரெண்டு வீட்டுல சொல்லிட்டாங்க."

"பிள்ளைகளுக்கு நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்டும் செய்யல. அத நாங்களும் சொல்றோம்," என்றாள் பிரேமிளா. கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். "உன்ன அனுப்புறதுக்கு நாங்க வரல பிள்ள. உன்ன வச்சிக்கிறதுக்குத்தான் வந்தோம். வாற ஞாயிறு எழும்பி மீதியச் சொல்லு. கர்த்தர் விடுதல தந்துட்டார்னு. அவ்வளவுதான்."

"அப்ப சீதா?"

"வாயால சொன்னா போதும். யாரும் குண்டசாலைக்கு வந்து பாக்கப் போறதில்ல. அவ போன கிறிஸ்மசுக்குச் செஞ்ச ரோல்ஸ் இன்னும் என் வாயில இருக்கு. நல்ல புள்ள. நான் அவளக் குற சொல்லவே இல்ல."

"பொய் சொல்லச் சொல்றீங்களா அக்கா?"

"பொய் எங்க? கெடைக்க முந்தியே கெடச்சதா விசுவாசத்துல அறிக்க பண்றது. பாஸ்டரே படிப்பிச்சது தானே."

திலக்ஷன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"நானும் பண்ணினேனே," என்றார் வீரையா. "முழங்கால் சுகமாயிட்டுதுன்னு எல்லாருக்கும் முன்னால சொன்னேன். இன்னமும் நோகுது. ராவைக்கு எண்ண பூசாமப் படுக்க ஏலாது. அதுக்கென்ன இப்ப?"

"உங்க முழங்கால் நோகுதுன்னு யாரும் உங்களக் கடையப் பூட்டச் சொல்லல ஐயா," என்றாள் நிரோஷா.

வீரையா முழங்காலைத் தடவிக்கொண்டார். மழை தகரத்தில் பலத்தது.

நிரோஷா சீதாவை நினைத்தாள். சீதா வேலை செய்த கார்மண்ட் தொழிற்சாலையில் ஓடர் குறைந்து ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். இப்போது அறை வாடகையும் அரிசியும் இந்த நேர்சரிச் சம்பளத்தில்தான். ஞாயிறு எழும்பி ஒரு வசனம் சொன்னால் திங்கள் காலை வழக்கம்போல் இந்தக் கதவைத் திறக்கலாம். அந்த வசனத்தை மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். சொல்ல முடிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவள் போதகர் பக்கம் திரும்பினாள். "பாஸ்டர், நீங்கதானே சொல்லச் சொன்னீங்க."

சதீஸ்குமார் மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். "அப்படியா பாஸ்டர்?"

திலக்ஷன் குடியிருந்தது சபையின் வீட்டில். மனைவிக்கு எட்டாம் மாதம். அவன் நெற்றியைத் துடைத்தான்.

"மனசத் திறந்து பேசச் சொன்னேன்," என்றான். "என்ன பேசணும்னு நான் சொல்லல."

"சரி," என்றார் சதீஸ்குமார். "டீச்சர், முடிவா என்ன சொல்றீங்க?"

"ஞாயித்துக்கிழம எழும்பினா போன கிழம சொன்னதத்தான் திரும்பவும் சொல்லுவேன்."

"அப்ப எங்களுக்கு வேற வழி வைக்கலயே நீங்க."

"நாளைக்குப் பிள்ளைக வருமே."

"பிரேமிளாக்கா பாத்துக்குவாங்க. சாவியத் தாங்க."

சாவி அவளுடைய அறைச் சாவியோடு ஒரே வளையத்தில் இருந்தது. கழற்ற நேரமெடுத்தது. நகம் மடங்கியது. எல்லோரும் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சாவியை மேசையில், சுரண்டிய பசைத் தூளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஜெபிக்காம அனுப்பக் கூடாது," என்றாள் பிரேமிளா.

எல்லோரும் எழும்பி வட்டமாக நின்று கைகோத்தார்கள். நிரோஷாவின் ஒரு கை பிரேமிளாவின் கையில், மற்றது திலக்ஷனின் கையில். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது. பிரேமிளா, எங்கள் மகளை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம் என்று ஜெபித்தாள். அவள் அழுதது நடிப்பல்ல. முடிவில் எல்லோரும் ஆமென் என்றார்கள். பழக்கத்தில் நிரோஷாவும் சொல்லிவிட்டாள்.

அவள் குடையை எடுத்துக்கொண்டு படிக்கு வந்தாள். கேட் வரைக்கும் தண்ணீர் செம்மண்ணோடு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கதிரைகள் இழுபட்டன.

"கதவப் பூட்டுங்க பாஸ்டர்," சதீஸ்குமாரின் குரல் கேட்டது. "யாராவது உள்ள வந்துட்டா கத வளரும். அடுத்த விஷயத்தப் பேசுவோம்."

திலக்ஷன் வாசலுக்கு வந்தான். மேசையிலிருந்த சாவி அவன் கையில் இருந்தது.

"படி வழுக்கும் டீச்சர்," என்றான். "பாத்து எறங்குங்க."

அவள் முதல் படியில் கால் வைக்கும்வரை நின்றான். பிறகு கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினான்.