ரோஸ் மெழுகு வளையம்

அப்பாவின் கல்லறையில் நான் வைக்கும் கண்ணாடிக் கிளாஸ்களை யாரோ திருடுகிறார்கள் என்றுதான் முதல் ஆறு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். அது ஒரு மேட்டுச் சரிவில் இருக்கிறது. மரம் என்று சொல்ல வாசலில் ஒன்றுதான். அதுவும் காற்றுக்குப் பயந்து ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தது. அப்பாவுக்கு இன்னும் பேர் வெட்டிய கல் வைக்கவில்லை. சிமெண்டு மேடை, தலைமாட்டில் எண் எழுதிய தகரம், அவ்வளவுதான். வெறும் மெழுகுவர்த்தியை ஏற்றினால் கையை எடுப்பதற்குள் அணைந்துவிடும். உயரமான கிளாஸுக்குள் இறக்கி வைத்தால் கொஞ்ச நேரம் நிற்கும். கிளாஸைச் சுற்றிக் கல் அடுக்கிப் பார்த்தேன். டப்பாவில் மண்ணை நிரப்பி அதில் பாதி புதைத்தும் பார்த்தேன். அடுத்த வாரம் வந்தால் டப்பா கவிழ்ந்து கிடக்கும். கிளாஸைக் காணோம்.

"கிளாஸை எவன் திருடுவான்?" என்று அண்ணன் போனில் சிரித்தான்.

"வீட்டுல தண்ணி குடிக்கக் கிளாஸ் இல்லாதவன் எவனாவது."

"கல்லறையில வெச்ச கிளாஸ்லயா?"

சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று வாராவாரம் புதுசு வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே கிளாஸை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். உங்கள் வீட்டில் யாருக்குக் கோபம் அதிகம் என்று ஒருநாள் கேட்கவும் கேட்டார்.

ஏழாவது மாதம் ஒரு சனிக்கிழமை போனபோது, போன வாரத்துக் கிளாஸ் இருந்தது. ஆனால் நான் வைத்த இடத்தில் இல்லை. மேடையின் கீழ்ப்பக்கம் ஒரு சின்னப் படி உண்டு. அந்தப் படியில், மேடையை ஒட்டி உட்கார்ந்திருந்தது. எடுக்கப் போனேன், அசையவில்லை. குனிந்து பார்த்தேன். கிளாஸின் அடியைச் சுற்றி விரல் தடிமனுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு வளையம்.

நகத்தால் கீறி முகர்ந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பதினாறு வருஷமாக நான் தினமும் பிசைகிற மெழுகு அது.

நான் பல் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்துப் பிளாஸ்டரில் மாடல் எடுத்து, பல் செட் செய்து கொடுப்பது எங்கள் வேலை. செட்டில் ஈறு இருக்க வேண்டிய இடத்தை முதலில் ரோஸ் மெழுகில்தான் செய்வோம். அது பெட்டிக் கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை. லேபுக்கென்று பெட்டியாக வரும். எங்கள் ஊரில் லேப் ஒன்றுதான்.

அந்த லேபில் மொத்தம் மூன்று பேர். முதலாளி, நான், மின்னல்.

மின்னல் என்பது அச்சுகளை வாங்கி வந்து, செய்த செட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள். பத்து நிமிஷத் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வதால் முதலாளி வைத்த பேர். மனைவியை இழந்தவன் என்று தெரியும். எங்களிடம் வேலைக்கு வருவதற்கு முன்பே அது நடந்துவிட்டதால் அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை முதலில் முதலாளியைத் தூண்டிப் பார்த்தேன்.

"சார், நீங்க கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போறதுண்டா?"

"அவசரமா என்ன? கடைசியில அங்கதானே போகணும்" என்றார், தலையைத் தூக்காமலே. பிறகு மெழுகுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை யாராவது பசிக்குத் தின்னுறீங்களா? எண்ணி வெச்ச பெட்டி, ரெண்டு தகடு குறையுது" என்றார்.

கதவருகே நின்ற மின்னலின் கையிலிருந்து வண்டிச் சாவி கீழே விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது. என்னைப் பார்த்தான், சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

என் அப்பாவின் கல்லறைக்கு இவன் ஏன் போகிறான்? போவதை ஏன் மறைக்கிறான்? அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு செட்டில் கடைவாய்ப் பல்லை இடம் மாற்றி வைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்கே "கடைசி டெலிவரி" என்று கிளம்புகிறவன் அன்றைக்குத் திரும்பி வந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் எங்க போவ?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"எங்கயும் இல்லக்கா. சும்மாதான்."

தம்பி, அக்கா. மூன்று வருஷமாக ஒருவரை ஒருவர் இப்படித்தான் கூப்பிடுகிறோம். அன்றைக்கு அந்த வார்த்தையை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். தம்பியாகவே இருந்துவிட்டால்?

ஒரு தடவை உள்ளே வந்த நினைப்பை வெளியே தள்ள முடியவில்லை. மதியம் முதலாளி சாப்பிடப் போனதும் பரணில் இருந்த மாடல் பெட்டிகளை இறக்கினேன். அப்பாவுக்குக் கடைசியாக மேல்வரிசை செட்டை நான்தான் செய்து கொடுத்தேன்; கீழே அவருக்குச் சொந்தப் பல், அந்தக் கீழ்த்தாடை மாடல் இருந்தது. மின்னலின் மாடலும் இருந்தது. புதுசாக ஏதாவது அச்சுப் பொருள் வந்தால் முதலில் அவன் வாயில்தான் வைத்துப் பார்ப்போம். இரண்டையும் ஜன்னலோர மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

கீழ்வரிசையின் நடுப்பற்கள் இரண்டும், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. அப்பாவுக்கும் அப்படியே. இவனுக்கும் அப்படியே. வலதுதான் முன்னால். இரண்டிலும் வலதுதான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "உனக்கு மூளை குழம்பிப்போச்சு. அப்பா அந்த மாதிரி ஆள் இல்ல" என்று வைத்துவிட்டான். அரை மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"மூக்கு எப்படி இருக்கும்?"

"யாரோட மூக்கு?"

"அந்தப் பையனோட மூக்குதான். அம்மாகிட்ட எதுவும் வாயைத் திறந்துடாத. சனிக்கிழமை நானும் வர்றேன்."

அந்தச் சனிக்கிழமை தலைவலி என்று சொல்லி ஒன்றரை மணிக்கே கிளம்பினேன். "நல்லவேளை, பல்வலின்னு சொல்லல" என்றார் முதலாளி.

அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தான்.

"இது எதுக்கு?"

"அவனுக்கு என் முகம் தெரியக் கூடாதுல்ல."

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்று ஞாபகப்படுத்த எனக்குத் தெம்பில்லை. காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. தகர எண்கள் எல்லாம் வரிசை வரிசையாகப் படபடத்தன.

இரண்டரை மணிக்கு மின்னல் வந்தான். கையில் ஒரு பை, ஒரு சின்ன விளக்குமாறு. அப்பாவிடம் நேராக வரவில்லை. சரிவில் இரண்டு வரிசை கீழே ஒரு வெள்ளைக் கல்லின் முன் நின்று சுற்றிலும் பெருக்கினான். எதையோ பொறுக்கி ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டான். மெழுகுவர்த்தி ஏற்றிக் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு மேலே ஏறி அப்பாவின் மேடைக்கு வந்து, முட்டி போட்டுக் கிளாஸை ஆட்டிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து ரோஸ் மெழுகுத் துண்டை எடுத்து லைட்டரில் வாட்ட ஆரம்பித்தான்.

"டேய், நில்லுடா!" என்று அண்ணன் பாய்ந்தான். நில்லென்று சொல்லத் தேவையே இல்லை, அவன் முட்டி போட்டுத்தான் இருந்தான்.

மின்னல் திகைத்து எங்களைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"எதை?"

"மெழுகு எடுத்ததை. கொஞ்சம்தான் எடுத்தேன். ஓரத்துல வெட்டித் தள்ளுற துண்டுங்கதான் பாதி."

"மெழுகு கிடக்கட்டும்" என்றான் அண்ணன். "இவர் உனக்கு என்ன வேணும்?"

"எவரு?"

"இங்க படுத்திருக்கிறவர்!"

மின்னல் மேடையைப் பார்த்தான், தகரத்தைப் பார்த்தான். "எனக்கு எப்படிங்க தெரியும்? நம்பர்தானே போட்டிருக்கு. இந்தக் கல்லறைக்காரங்க யாருன்னுதான் நானும் நாலு மாசமாத் தேடுறேன். அப்படி ஒரு பொறுப்பில்லாத ஜென்மம். வாரம் தவறாம ஒரு கிளாஸை மேல கொண்டாந்து வெக்குறது, காத்துல உருண்டு கீழ வந்து என் வீட்டுக்காரி மேல விழுந்து உடையுது. ஒவ்வொரு வாரமும் சில்லு பொறுக்குறதே என் வேலை. ஒரு நாள் உடையாம முழுசா வந்துச்சு. சரி, சொல்லித் திருந்தாது, நாமளே ஒட்டிவிடுவோம்னு..."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. என் கையில் புதுக் கிளாஸ் ஒன்று இருந்தது.

"அக்கா... நீங்களா?"

"எங்க அப்பா" என்றேன்.

அவன் எழுந்து நின்றான். மன்னிப்புக் கேட்க வேண்டியது யார் என்று மூன்று பேருக்குமே தெரியவில்லை. நான் கீழே போய்ப் பெயின்ட் டப்பாவைப் பார்த்தேன். பாதி டப்பா நிறைய நான் வாங்கிய கிளாஸ்கள் சில்லாகக் கிடந்தன. வெள்ளைக் கல்லின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. அந்தப் பெண்ணின் பேருக்குக் கீழே இருந்த வருஷங்களைக் கழித்துப் பார்த்தேன். இருபத்துநாலு வயசு.

"சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன்.

"நீங்க சனிக்கிழமை எங்க போறன்னு கேட்டப்போ, மெழுகைத்தான் கண்டுபிடிச்சிட்டீங்கன்னு நினைச்சேன்."

அண்ணன் மட்டும் விடுவதாக இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க அப்பா எங்க இருக்காரு?" என்றான்.

"வாசல்லதான். மருமகளைப் பார்க்க என்கூட வருவாரு. முட்டி வலி, மேட்டுல ஏற மாட்டாரு."

வாசலில் அந்த ஒற்றை மரத்தடியில், வண்டியில் சாய்ந்தபடி ஒரு பெரியவர் நின்றிருந்தார். அண்ணன் கும்பிட்டான். அவனை யாரோ பெரிய மனுஷன் என்று நினைத்து அவர் வாய் நிறையச் சிரித்தார். அண்ணன் குனிந்து அவர் வாய்க்குள்ளேயே எட்டிப் பார்த்தான். நானும்தான் பார்த்தேன். கீழ்வரிசை நடுப்பற்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன. அந்த மாதிரிப் பல் ஆயிரம் பேருக்கு இருக்கும். பதினாறு வருஷம் பல்லோடு புழங்கிய எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் நினைத்தேன்.

கிளம்பும் முன் மின்னல் எனக்குக் காட்டிக் கொடுத்தான். உயரக் கிளாஸ் காற்றுக்குப் பிடி கொடுத்துவிடும்; குட்டையாக, அடி அகலமாக வாங்க வேண்டும். அடியில் இரண்டு விரல் ஈர மணல். சிமெண்டைத் துணியால் துடைத்துவிட்டு மெழுகை வாட்டி, கயிறு மாதிரி உருட்டி, சுற்றிலும் கட்டை விரலால் அழுத்த வேண்டும். காற்று மேலிருந்து வருவதால் கீழ்ப்படிதான் மறைவு. அன்றைக்கு ஏற்றியது நாங்கள் வாசலைத் தாண்டும் வரைக்கும் ஆடாமல் எரிந்தது. பெயர்ந்த கல் மூலையை நான் பூசித் தருகிறேன் என்றேன். பிளாஸ்டர் மழைக்கு நிற்காதுக்கா, சிமெண்டுதான் வேணும் என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாதே என்று அண்ணன் சொன்னது சந்தேகம் இருந்தபோது. இப்போது அது வெறும் வேடிக்கைக் கதைதானே. கறுப்புக் கண்ணாடியை நடித்துக் காட்டினேன். பெரியவர் வாயை அண்ணன் எட்டிப் பார்த்ததையும் நடித்தேன். அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"அந்தப் பையனுக்கு என்ன வயசு?"

"இருபத்தொன்பது."

அவள் விரல்கள் தலையணை உறையின் மேல் ஒரு கணம் நின்றன.

"அப்ப இல்ல" என்றாள்.

"என்னம்மா இல்ல?"

"இருந்திருந்தா முப்பத்தெட்டு ஆகியிருக்கணும்."

உறையை நான்காக மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். அடுத்ததை எடுத்து உதறினாள்.

"உனக்கு அப்ப நாலு வயசு. ரெண்டு வருஷம் வெளியூர்ல வேலைன்னு இருந்தாரு. அங்க ஒரு குழந்தை இருக்குன்னு யாரோ சொன்னாங்க. வந்தப்புறம் ஒரு தடவை கேட்டேன். இல்லேன்னாரு."

"நம்பினியா?"

"விட்டுட்டேன்."

"அப்புறம் கேட்கவே இல்லையா?"

"ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு எத்தனை தடவைதான் கேட்கிறது?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "போ, கை கால் கழுவிட்டு வா. கல்லறைக்குப் போய்ட்டு வந்து அப்படியே உட்கார்ந்திருக்க."

குளியலறையில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா? இனி சொன்னா என்ன, பரவாயில்ல. விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்களே?"

"சிரிச்சாங்க" என்றேன்.

மறுமுனையில் அவன் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"நல்லா சிரிச்சாங்களா?" என்றான்.

"நல்லாத்தான் சிரிச்சாங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவன் அடுத்துக் கேட்டது என் காதில் விழவில்லை என்று அவன் நினைத்திருப்பான்.